வேர் அறாமல் ஒரு வடலி

ஆவணி பிறந்து பனம்பழம் விழத் தொடங்கிவிட்டால் எமது பணிமனை வாசலில் ஒரு கேள்வி வந்து நிற்கும். "பனங்கன்று கிடைக்குமோ?" தென்னங்கன்று கேட்பவர்களும் மாங்கன்று கேட்பவர்களும் என்றும் உள்ளவர்களே. ஆனால் பனங்கன்று கேட்டு ஒருவர் வருவார் என்று எமது பெற்றோருக்குச் சொல்லியிருந்தால் அவர்கள் சிரித்திருப்பார்கள். பனைக்கு எதற்குக் கன்று? பழம் விழுந்த இடத்தில் விதை முளைக்கும். மாடு மிதிக்காமல், கிழங்குக்காக எவரும் கிண்டாமல் விட்டால் அது வடலியாகும். குடாநாட்டின் பனங்கூடல்களிற் பெரும்பகுதி யாரும் நட்டு வளர்த்ததல்ல.

இன்று கன்று கேட்டு வருபவர்களின் நிலை வேறு. 1990 ஜூனில் போர் மீண்டும் தொடங்கியபோது வலிகாமம் வடக்கு மக்கள் உடுத்த உடையோடு வெளியேறினார்கள். 1995 ஒக்டோபர் 30ஆம் திகதி வலிகாமம் முழுவதுமே தென்மராட்சியை நோக்கி நடந்தது. அந்த ஆண்டுகளிற் காவலரண்களுக்கும் பதுங்குகுழிகளுக்கும் தறிக்கப்பட்ட பனைகளும், எறிகணையில் தலை இழந்து வெறும் தூணாய் நின்ற பனைகளும் எத்தனையோ இலட்சம். 2009இல் போர் முடிந்தபின் காணிகள் சிறிது சிறிதாக விடுவிக்கப்பட்டன. மயிலிட்டித் துறைமுகப் பகுதிக்கு மக்கள் திரும்ப 2017 ஜூலை வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இன்னும் காத்திருக்கும் குடும்பங்களும் உண்டு. திரும்பியவர்களில் பலர் தமது எல்லையைக் கிணற்றைக் கொண்டு கண்டுபிடித்தார்கள். எல்லைப் பனை நிற்கவில்லை. தாய்ப்பனை இல்லாத காணியில் விதை தானாக விழாது. எனவே விதையையோ கன்றையோ வேறிடத்திலிருந்து கொண்டுபோயே ஆகவேண்டும்.

கொண்டுபோவதில்தான் சிக்கல். இதை எமக்கு முதலிற் காட்டியவர் நலன்புரி முகாம் ஒன்றில் நெடுங்காலம் வாழ்ந்த ஒரு தாய். தமது காணியைப் பார்த்துவர முதன்முறை அனுமதி கிடைத்த நாளில், பற்றைக்குள் தப்பி நின்ற ஒற்றைப் பனையின் கீழிருந்து ஒரு விதையை எடுத்து வந்து, பெயின்ற் வாளி ஒன்றில் மண் நிரப்பிப் புதைத்திருந்தார். காணி விடுவிக்கப்பட்டபோது அந்த வாளியில் ஒரு சாண் இலை நின்றது. "பாதர், இதைப் பிடுங்கி அங்க வைச்சா வருமோ?" என்று கேட்டார். எமக்கு மறுமொழி தெரியவில்லை. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. "வரும் அக்கா" என்று சொல்லிவிட்டோம்.

நாம் செய்த பிழை

அதற்கு முந்திய ஆண்டில்தான் நாமும் பனங்கன்று உற்பத்தியில் இறங்கியிருந்தோம். மாங்கன்றுக்கும் எலுமிச்சைக்கும் பயன்படுத்தும் சிறிய கறுப்புப் பொலித்தீன் பைகளில் மண் நிரப்பி, பைக்கு ஒரு விதையாக வைத்து, வேளை தவறாமல் நீர் விட்டோம். பல மாதங்கள் எதுவும் தெரியவில்லை. பின்னர் ஒவ்வொன்றாக இலை எட்டிப் பார்த்தது. மாரி தொடங்கியதும் மகிழ்ச்சியோடு கன்றுகளைக் குடும்பங்களுக்குப் பகிர்ந்தோம். சித்திரை வெயில் முடிவதற்குள் பெரும்பாலானவை கருகிப்போயின. நீர் விடவில்லை என்று குடும்பங்களை நாம் குறை சொன்னோம். அவர்களோ நாள்தோறும் நீர் விட்டிருந்தார்கள்.

மிஞ்சிய பைகள் சில எமது வளவில் கிடந்தன. வழமையாக அப்பக்கம் வரும் முதியவர் ஒருவர், இளமையிற் சீவற்றொழில் செய்தவர், அவற்றைப் பார்த்துவிட்டு ஒரு பையைக் கத்தியாற் கீறினார். உள்ளே கிழங்கு தூண்டில் முள்ளைப்போல வளைந்து பையின் அடியில் நெரிந்து கிடந்தது. "சுவாமி, மாங்கண்டு வளர்க்கிற மாதிரிப் பனையை வளர்த்திருக்கிறியள். இதின்ர உயிர் இலையில இல்லை, அடியில எல்லோ கிடக்கு" என்றார். எம்மிடம் தோட்டக்கலைக் கைநூல்கள் பல இருந்தன. அந்த ஒரு வாக்கியத்தை அவற்றில் நாம் பார்க்கவில்லை.

மண்ணுக்குள் நடப்பது என்ன?

அவர் சொன்னதன் பொருளைப் பனங்கிழங்கு கிண்டிய எவரும் எளிதில் விளங்கிக்கொள்வர். தேங்காய் முளைக்கும்போது குருத்து மேலே வருகிறது. வேர் தும்பைத் துளைத்துக் கீழே போகிறது. உயிர்முளை தேங்காயோடு ஒட்டியே நிற்கிறது. பனையின் வழி வேறு. விதையின் கண்ணிலிருந்து முதலில் வெளிவருவது வேருமல்ல, தண்டுமல்ல. அது வித்திலையின் காம்பு. குழாய் போன்ற அந்தக் காம்பு உயிர்முளையைத் தன் நுனியில் வைத்துக்கொண்டு நேரே கீழ்நோக்கி இறங்குகிறது. இளகிய மண்ணில் ஒரு முழத்துக்கும் மேலாக இறங்கும். போதிய ஆழத்துக்குச் சென்ற பின்னரே உயிர்முளை வேர் விட்டு, மாச்சத்தைச் சேர்த்துக் கிழங்காகிறது. முதல் இலை அந்த ஆழத்திலிருந்து புறப்பட்டு, கிழங்கின் நடுவாக மேலேறி, ஏறக்குறைய ஓராண்டு கழித்தே வெளிச்சத்தைக் காண்கிறது.

இந்த வேளையில் விதைக்குள் என்ன நடக்கிறது? நாம் சிறுவயதில் வெட்டித் தின்ற பூரான் அங்கே வளர்கிறது. அது விதையின் பருப்பைக் கரைத்து உறிஞ்சிக் காம்பின் வழியே கீழே அனுப்புகிறது. அதாவது மேலே கிடக்கும் விதை களஞ்சியம்; காம்பு வாய்க்கால்; ஆழத்தில் இருப்பது பிள்ளை. வாய்க்கால் அறுந்தால் களஞ்சியம் நிறைந்திருந்தும் பிள்ளை பட்டினி கிடக்கும்.

பனை ஏன் இப்படிச் செய்கிறது? வறட்சியும் மேய்ச்சலும் தீயும் உள்ள நிலத்தில் உயிரை ஆழத்தில் ஒளித்து வைப்பது அதன் தற்காப்பு. இலையை மாடு கடித்தாலும் பற்றையைத் தீ எரித்தாலும் கீழிருந்து மீண்டும் குருத்து வரும். ஆனால் அதே தற்காப்பே கன்றைப் பிடுங்கி நட முனைபவருக்கு எதிராக நிற்கிறது. மண்வெட்டி போடும் ஆழத்துக்குக் கீழேதான் அதன் வேரும் குருத்தும் இருக்கின்றன. இழுத்தால் இலை கையோடு வரும். உயிர் மண்ணோடு நிற்கும்.

வேர் அறுந்தால் எல்லாப் பனை வகைகளும் ஒரே விதமாக நடப்பதில்லை. 1980களில் அமெரிக்காவின் புளோரிடாவில் இதனை ஆராய்ந்து பார்த்தார்கள். தென்னையில் வெட்டுண்ட வேர்களில் ஏறத்தாழப் பாதி மீண்டும் கிளைத்து வளர்ந்தன. அந்நாட்டுச் சபால் பனையிலோ வெட்டுண்ட வேர்கள் அநேகமாக எல்லாமே செத்து, அடியிலிருந்து புதுவேர் வரவேண்டியிருந்தது. எமது பனையும் வேரைத் தொந்தரவு செய்வதைப் பொறுக்காத இனம். ஆகவே இரண்டே வழிகள் உண்டு. ஒன்று, விதையை நிலைத்து நிற்கப்போகும் இடத்திலேயே ஊன்றுவது. மற்றது, இடம் மாறப்போகிறது என்பதை முதல் நாளிலேயே கணக்கிலெடுத்து அதற்கேற்ற ஆழமுள்ள பையில் வளர்ப்பது. நடுவழி ஒன்று இல்லை.

விதை தெரிதல்

எந்த வழியானாலும் நல்ல விதை வேண்டும். நன்றாகப் பழுத்துத் தானாக விழுந்த பழத்தின் விதையை எடுங்கள். ஒரு பழத்தில் பெரும்பாலும் மூன்று விதை இருக்கும்; சிலவற்றில் இரண்டோ ஒன்றோ இருக்கும். பனாட்டுக்குக் களி பிழிந்த பின் மிஞ்சும் விதையும் முளைக்கும். அடுப்பிற் சுட்ட பழத்தின் விதையை நம்ப வேண்டாம். கையிலெடுத்தாற் பாரமாக இருக்கவேண்டும். பூச்சித் துளை இருக்கலாகாது. மாதக்கணக்கில் வெயிலிற் காயவிட்ட விதை உயிரிழந்துவிடும். எனவே ஆவணி, புரட்டாதியிற் பொறுக்கி அந்தப் பருவத்திலேயே புதையுங்கள்.

ஒரே பனையின் விதைகளை மாத்திரம் எடுக்காதீர்கள். நிறையக் காய்க்கும், நல்ல களியுள்ள பல பனைகளிலிருந்து சேருங்கள். ஆண் பனை எது, பெண் பனை எது என்பது பாளை வரும்வரை தெரியாது. அதற்குப் பன்னிரண்டு, பதினைந்து, சிலவேளை இருபது ஆண்டுகளும் ஆகலாம். ஐந்து பனை வேண்டுமென்றால் பத்துக்கு ஏற்பாடு செய்வதே அறிவு.

இன்னொரு செய்தி. கிழங்குப் பாத்தி போடும் குடும்பங்கள், "கிழங்கு விற்றால் தை மாதத்திற் காசு, மரமானால் பேரப்பிள்ளைக்குத்தானே" என்று சொல்வதுண்டு. இதில் நியாயம் இருக்கிறது. தையிலும் மாசியிலும் கிண்டும் கிழங்கும், அதிலிருந்து வரும் ஒடியலும் புழுக்கொடியலும் இன்றைய அடுப்பை எரிய வைப்பவை. அதை விட்டுவிடுங்கள் என்று நாம் சொல்லமாட்டோம். பாத்தி போடுமுன் பத்தில் ஒரு விதையை எடுத்துத் தனியே வையுங்கள் என்று மட்டும் கேட்கிறோம். பாத்தியிலேயே சிலவற்றைக் கிண்டாமல் விடுவது பயன் தராது. பாத்தி மேடாகவும் நெருக்கமாகவும் இருப்பதால், மேடு கரைந்ததும் விட்ட கன்றுகளின் வேர் வெளியே தெரிந்துவிடும்.

காணி கையில் உள்ளவர்களுக்கு

காணி உங்களுடையதாகி, நீங்கள் அங்கேயே குடியிருக்கிறீர்கள் என்றால் கன்றைத் தேடாதீர்கள். விதையை நேரே ஊன்றுங்கள். இதுவே மலிவானது, உறுதியானது. தமிழகத்தில் 2021இல் அரசின் வேளாண் நிதிநிலை அறிக்கை 30 மாவட்டங்களுக்கு 76 இலட்சம் பனை விதைகளையும் ஒரு இலட்சம் பனங்கன்றுகளையும் வழங்கப்போவதாக அறிவித்தது. விதைக்கும் கன்றுக்கும் இடையிலான அந்த விகிதத்தைக் கவனியுங்கள். பனையைப் பெருக்க நினைக்கும் எவரும் முதலில் நம்புவது விதையைத்தான்.

ஊன்றுமுன் ஓர் எச்சரிக்கை. கண்ணிவெடி அகற்றப்பட்டதென்று உறுதி கிடைக்காத காணியில் அலவாங்கோ மண்வெட்டியோ போடாதீர்கள். துப்புரவு செய்யப்பட்ட காணியிலும் கிண்டும்போது சந்தேகமான பொருள் தட்டுப்பட்டால் தொடாமல், அந்த இடத்துக்கு அடையாளம் வைத்து, உடனே கிராம அலுவலருக்கு அறிவியுங்கள். பிள்ளைகளைக் கிட்ட விடாதீர்கள். ஒரு பனைக்காக ஒரு காலை இழக்கலாகாது.

பின்னர் மண்ணின் ஆழத்தைப் பாருங்கள். வலிகாமத்துச் செம்மண் பல இடங்களில் ஆழமானது. சில இடங்களில் ஓரடிக்குக் கீழேயே சுண்ணாம்புக்கல் தட்டும். ஒரு கம்பியை அடித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். மூன்றடி ஆழத்துக்கு மண் இருந்தால் நல்லது. கல் தட்டினால் சற்று விலகி வேறிடம் பாருங்கள். அல்லது அலவாங்கால் உடைத்து வழி செய்யுங்கள். வடமராட்சி கிழக்கு, தென்மராட்சி மணலில் இந்தத் தொல்லை இல்லை.

எட்டு முதல் பத்தடிக்கு ஒன்றாக, ஓரடிச் சதுரக் குழி வெட்டி, அடிமண்ணை இளக்கி, மக்கிய எருவும் மேல்மண்ணும் கலந்து நிரப்புங்கள். குழிக்கு இரண்டு விதையைச் சற்று இடைவெளி விட்டுப் படுக்கையாக வைத்து, நான்கு விரற்கடை மண்ணால் மூடுங்கள். கண் எப்பக்கம் இருந்தாலும் காம்பு தானே கீழ்நோக்கித் திரும்பும். மாரி மழை மீதியைப் பார்த்துக்கொள்ளும். குழியருகே ஒரு தடியை அடையாளமாக நடுங்கள். பல மாதங்களுக்கு மேலே எதுவும் தெரியாதென்பதால், விதை செத்துவிட்டதென்று எண்ணிக் கிண்டிப் பார்ப்பதுதான் பலர் விடும் பிழை. இரண்டும் வந்தால் இரண்டாம் ஆண்டில் வலிமையானதை விட்டு மற்றதை வெட்டிவிடுங்கள். பிடுங்காதீர்கள்; பிடுங்கினால் பக்கத்துப் பிள்ளையின் வேரும் அசையும்.

காணிக்குக் காத்திருப்பவர்களுக்கு

பிறர் காணியில் இருப்பவர்களின் நிலை வேறு. அங்கே நிலத்தில் ஊன்றினால் மரம் காணிக்காரருக்கே சேரும். நாளை அது மனவருத்தத்துக்கும் காரணமாகலாம். அப்படிப்பட்டவர்களுக்குப் பைதான் வழி. ஆனால் அது ஆழமான பையாக இருக்கவேண்டும்.

பழைய உரப்பை ஒன்றை நெடுக்கே இரண்டாக வெட்டி, ஒவ்வொன்றையும் மடித்து ஓரமும் அடியும் தைத்தால், ஏழு அங்குலக் குறுக்களவும் இரண்டரை அடி உயரமும் கொண்ட இரு நீளப் பைகள் கிடைக்கும். அடியில் நாலைந்து துளை இடுங்கள். இரண்டு பங்கு மேல்மண், ஒரு பங்கு மணல், ஒரு பங்கு மக்கிய மாட்டெரு எனக் கலந்து, தட்டித் தட்டி நிரப்புங்கள். புது எரு வேண்டாம். அது சூடேற்றும், காண்டாமிருக வண்டையும் அழைக்கும்.

பைக்குள் விதையை வைக்க இரு முறைகள் உண்டு. விதையை நேரே பையில் புதைக்கலாம். அல்லது ஈர மணலிற் பல விதைகளை ஒன்றாக மூடி வைத்து, மூன்று கிழமைக்குப் பின் கிழமைக்கொரு தடவை மெதுவாகப் பார்த்து, கண் திறந்தவற்றை மட்டும் பைக்கு மாற்றலாம். இரண்டாவது முறையில் முளையாத விதைக்குப் பை வீணாகாது. ஆனால் காம்பு பெருவிரலளவு நீளுமுன் மாற்றிவிட வேண்டும். அதற்கு மேற்பட்டால் முறியும். மாற்றும்போது விதையைப் பிடித்துத் தூக்குங்கள், காம்பைத் தொடாதீர்கள். பையின் நடுவிலே விரலால் குழி செய்து, காம்பு கீழ்நோக்கி இருக்குமாறு வைத்து மூடுங்கள்.

பையை வெறும் நிலத்தில் நிறுத்தக்கூடாது. வேர் துளைவழி நிலத்துக்குள் போய்விட்டால், தூக்கும் நாளில் அறும். தட்டைக்கல், பழைய ஓடு, தகரம் ஏதாவது ஒன்றின் மேல் நிறுத்துங்கள். மாதம் ஒருமுறை சற்றுச் சரித்து அடியைப் பாருங்கள். உரப்பை வெயிலில் ஓராண்டுக்குள் உக்கிவிடும் ஆகையால் பைகளை நெருக்கி வைத்துச் சுற்றிவரக் காவோலை சாத்துங்கள். கோடையில் கிழமைக்கு இருமுறை நீர் போதும், சேறாக்கினால் அழுகும்.

ஏற்கனவே வாளியிலோ சிறு பையிலோ விதை போட்டுவிட்டவர்கள் என்ன செய்வது? கன்றை வெளியே இழுத்து வேறு பைக்கு மாற்றாதீர்கள். வாளியின் அடித்தட்டை மட்டும் வெட்டி நீக்கி, மண் நிரப்பிய ஆழமான பையொன்றின் மேல், அல்லது காணி இருந்தால் குழிக்குள், வாளியோடு அப்படியே இருத்துங்கள். கீழே வழி கிடைத்தால் வேர் தானாக இறங்கும். வளைந்துபோன கிழங்கை நிமிர்த்த முயல வேண்டாம்.

இடம் மாற்றும் நாள்

பனைக்கு இடம் மாறப் பொருத்தமான காலங்கள் இரண்டுதான். ஒன்று, மேலே சொன்னபடி காம்பு குட்டையாக இருக்கும் சில நாட்கள். மற்றது, முதல் இலை நன்றாக விரிந்து தன் வேரில் நிற்கத் தொடங்கிய பின். புரட்டாதியில் வைத்த விதைக்கு அது அடுத்த ஆண்டு ஐப்பசி மழையோடு வந்து பொருந்தும். குடாநாட்டின் ஆண்டு மழையிற் பெரும்பகுதி ஐப்பசியிலிருந்து மார்கழி வரையில்தான் பெய்கிறது. முதல் நல்ல மழை மண்ணை நனைத்த கிழமையில் நட்டால் கன்றுக்கு மூன்று மாத ஈரம் கிடைக்கும். தையில் நடுவது கோடையை எதிர்நோக்கி நடுவதாகும்.

முதல் நாள் மாலை பைக்கு அளவாக நீர் விடுங்கள். மண் கட்டியாக நிற்கவேண்டும். உதிரவும் கூடாது, ஒழுகவும் கூடாது. குழியை மூன்றடி ஆழமும் ஒன்றரை அடி அகலமுமாக முன்கூட்டியே வெட்டி, அடியில் இளகிய மண் போட்டு வையுங்கள். நிரம்பிய பை இருபது கிலோவுக்கு மேல் இருக்கும். இலையையோ பையின் வாயையோ பிடித்துத் தூக்கினால் உள்ளே மண் நழுவிக் கிழங்கு முறியும். சாக்கின் மேல் இருத்தி இருவர் இருபக்கமும் பிடித்துத் தூக்குங்கள். வாகனத்தில் ஏற்றினால் நிமிர்த்தி நிறுத்திக் கயிற்றாற் கட்டுங்கள்.

குழியருகே பையைச் சரித்து, முதலில் அடித்தையலை வெட்டி நீக்குங்கள். பின்னர் குழிக்குள் நிமிர்த்தி இறக்குங்கள். பையில் மண் எந்த மட்டத்தில் இருந்ததோ அதே மட்டம் நிலத்துக்கும் வரவேண்டும். அதன்பின் பக்கத்தைக் கீழிருந்து மேலாகக் கீறி, சுற்றிவர மண் இட்டுக்கொண்டே பையை மெல்ல உருவி எடுங்கள். மண்ணைக் கையால் அழுத்துங்கள். காலால் மிதிக்க வேண்டாம். காய்ந்த ஊமல் இன்னும் ஒட்டியிருந்தாலும் பிரிக்க வேண்டாம். இலையை வெட்டவும் வேண்டாம்.

தென்னங்கன்றுக்கு இவ்வளவு கவலை இல்லை. அதன் உயிர்முளை தேங்காயோடு மேலேயே இருப்பதால், தேங்காயையும் சேர்த்துத் தூக்கி நட்டால் போதும். அங்கேயும் குருத்தைப் பிடித்துத் தூக்கலாகாது. தேங்காய் கழன்றுவிடவும் கூடாது. முந்தி முளைத்த கன்றுகளைத் தெரிந்து, மூன்றடிக் குழியின் அடியில் தேங்காய் மட்டையை உட்குழிவு மேலே தெரிய அடுக்கி நட்டால், அது கோடைக்கு ஈரம் காத்து வைக்கும்.

நட்ட பின்

முதற் கோடையே சோதனை. பங்குனியிலிருந்து அடுத்த மாரி வரை கிழமைக்கொரு தடவையாவது நீர் தேவை. அடியில் சிறு துளையிட்டுத் திரி செருகிய பழைய பானையைக் கன்றருகே புதைத்து நீர் நிரப்பினால், குடத்து நீர் பல நாளைக்குக் கசியும். சோளகக் காற்று வீசும் பக்கத்தில் காவோலை ஒன்றைச் சாத்துங்கள். ஆடு மாடு அண்டாமல் கங்குமட்டையால் வட்ட வேலி போடுங்கள். காணி துப்புரவாக்கப் பற்றைக்குத் தீ வைப்பவர்கள் கன்றைச் சுற்றி மூன்றடி செருக்கிவிட்டு வையுங்கள். நட்ட பின் முதல் இலை மஞ்சளாகிக் காய்வதுண்டு. அதைக்கண்டு பிடுங்கி எறியாதீர்கள். உயிர் கீழே இருந்தால் புதுக்குருத்து வரும். ஒரு முழு மாரி வரை பொறுத்துப் பாருங்கள்.

பிள்ளைகளிடமும் சொல்லி வையுங்கள். தனியே நிற்கும் பனங்கன்றைக் கண்டால் கிழங்கென்று கிண்டுவது அவர்களுக்குக் கை வந்த பழக்கம்.

மேலதிக விளக்கம் தேவைப்படுவோர் 1978இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபையையும், கைதடியிலுள்ள பனை ஆராய்ச்சி நிறுவனத்தையும் நாடலாம். அதற்கும் முன்பாக உங்கள் அயலிலுள்ள முதியவர் ஒருவரைக் கேளுங்கள். நாம் கேளாமல் தொடங்கியதால் ஓராண்டையும், பல குடும்பங்களின் நம்பிக்கையையும் இழந்தோம்.

அந்த வாளிக் கன்று

முதலிற் சொன்ன தாயிடம் நாம் திரும்பிப் போனோம். "அக்கா, வரும் எண்டு சொன்னது பிழை" என்று ஒப்புக்கொண்டோம். கிழங்கு வாளியின் அடியில் வளைந்திருக்கும் என்பதையும் சொன்னோம். ஐப்பசி முதல் மழைக்கு மறுநாள், அந்த முதியவரையும் அழைத்துக்கொண்டு அவருடைய காணிக்குச் சென்று, வாளியின் அடியை வெட்டி, கிணற்றடிக்கு அண்மையில் கன்றை இறக்கினோம். முதியவர் தன் சாக்கிலிருந்து பன்னிரண்டு விதைகளை எடுத்தார். கிழங்குப் பாத்திக்கென்று வைத்திருந்தவை. கண் திறந்து காம்பு எட்டிப் பார்க்கும் நிலையில் இருந்தன. பழைய எல்லை என்று அந்தத் தாய் காட்டிய கோட்டில் அவற்றை இரண்டிரண்டாக ஊன்றினோம்.

வாளிக் கன்று பங்குனியிற் காய்ந்தது. நீர் விட்டும் காப்பாற்ற முடியவில்லை. அவர் அதற்காக அழுதார் என்று பின்னர் அறிந்தோம். அந்த விதை அவருடைய தந்தையார் வைத்த பனையின் விதை என்பதும் அப்போதுதான் தெரியவந்தது.

அடுத்த ஆண்டு ஆவணியில் அவ்வழியே போனபோது உள்ளே வரும்படி கூப்பிட்டார். எல்லைக்கோட்டிலே அடையாளத் தடிகள் ஆறு நின்றன. அவற்றில் நான்கின் அருகே வாள் போன்ற ஒற்றை இலை நிமிர்ந்து நின்றது. பற்றைக்குள் இருந்த ஒற்றைப் பனை அந்த ஆண்டும் காய்த்திருந்தது. விழுந்த பழங்களை அவர் ஒன்றும் விடாமற் பொறுக்கிக் கடகத்தில் வைத்திருந்தார். "இதில பத்தில ஒண்டு எல்லைக்கு, பாதர். மிச்சம் பாத்திக்கு" என்றார். மீதியிருந்த இரண்டு தடிகளையும் அவர் பிடுங்கவில்லை.